மாதாவை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போன நாள்

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஒக்டோபர் மாதம். இடம், ஊர்காவற்றுறைத் தீவில் நாரந்தனை. இன்னும் சரியாகச் சொன்னால், என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் நிற்கிற தகர வேலி. அந்த வேலியை அடித்தவன் நான்தான். அதில் இருக்கிற ஓட்டைகளும் என் கைவேலைதான். ஆணியைப் பிழையான இடத்தில் அடிப்பதும் பிடுங்குவதுமாக இரண்டு நாள் வேலை செய்ததில், தகரம் அரிதட்டுப்போல ஆகிவிட்டது. பிறகு அந்த ஓட்டைகள் வழியாக எங்கள் வீட்டுச் சேதி வெளியே போனதற்கு நான் வேறு யாரைக் குற்றம் சொல்ல ஏலும்?

நான் தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஓடுகிற பஸ்ஸில் கொண்டக்டர். தலையில் முடி குறைவு, வயிறு அதிகம், வாய் அதைவிட அதிகம். ரிக்கெற் கொடுக்கும்போது ஆளுக்கொரு பகிடி சும்மா கொடுப்பேன். கோழியோடு ஏறுகிறவரிடம் கோழிக்கு அரை ரிக்கெற் கேட்பேன். புதுமாப்பிள்ளை ஏறினால் முன்சீற்றில் இருக்கிற ஆச்சிமாரிடம் நலம் விசாரிக்கச் சொல்லிவிடுவேன். சனம் சிரிக்கும். சனம் சிரிக்கிறதென்றால் நான் நல்லவன் என்று இருபத்தைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவ என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு அக்கா. புருஷன் இல்லை. ஒரு மகள், அந்த மகளுக்கு ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை. மருமகன் கட்டாரில் வேலை. அக்காவுக்குக் கோயிலில் முன்னுக்கு இருக்கிற முதல் வாங்கில்தான் இடம். பூசை தவறவிடமாட்டா.

அவ ஒருநாளும் ஊர்வம்பு பேசினதில்லை. இதை நான் சத்தியமாகச் சொல்லுவேன். அவ செபக் கருத்துத்தான் சொல்லுவா. எங்கள் பக்கத்துச் செபக்கூட்டத்தில் செபமாலை முடிந்ததும் ஆளாளுக்குத் தங்கள் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்லலாம். மற்றவர்கள் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று மறுமொழி சொல்லவேண்டும். அக்கா கண்ணை மூடி, “பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் குடியை விட்டு மனுசியோட சமாதானமாய் இருக்கவேணுமெண்டு” தொடங்குவா. வாத்தியார் குடிக்கிறவர் என்பது அதுவரைக்கும் வாத்தியாரின் மனுசிக்கு மட்டும் தெரிந்த விஷயம். அடுத்தநாள் பக்கத்து ஊரான சுருவில்வரைக்கும் போயிருக்கும்.

ஒருமுறை எனக்கு மூல வருத்தம் வந்தது. என் மனுசி குசினியில் சமைத்தபடி என்னிடம் மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறா. வேலி கேட்டுவிட்டது. சனிக்கிழமை செபத்தில் அக்கா எனக்காக உருக்கமாக மன்றாடினா. திங்கட்கிழமை பஸ்ஸில் பாதிச் சனம் “இருங்கோ அண்ணை” என்று எழும்பி இடம் விட்டது. மற்றப் பாதி “இருக்கவேண்டாம் அண்ணை” என்றது. அதையும் நான் சிரித்துத்தான் கழித்தேன். என்னுடைய பின்பக்கம்தானே, போகட்டும்.

ஆனால் அந்த ஒக்டோபரில் நடந்தது என் மகனைப் பற்றியது.

மகனுக்கு அப்போது இருபத்திரண்டு. ஒரு வருடமாக அவன் ஆளே மாறிப்போயிருந்தான். மெலிந்தான், கண் உள்ளே போனது, அலுமாரிக்குள் இருந்த சாமான் குறைந்தது. எனக்கு விளங்கியபோது நேரம் பிந்திவிட்டது. ‘தூள்’ என்று எல்லாரும் சொல்லுகிற அந்தப் போதைச் சனியன்தான். வவுனியாப் பக்கம் ஒரு புனர்வாழ்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். ஊரில், கொழும்பில் கொம்பியூட்டர் படிக்கிறான் என்று சொன்னோம். என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பெயர் சொல்லிவைத்தேன். கணக்குப் பார்த்தால் அவன் நாலு பட்டம் எடுத்திருக்கவேண்டும்.

உண்மை எனக்கும் மனுசிக்கும் மட்டும்தான் தெரியும். மனுசி கிணற்றடியில் நின்று இல்லத்துக்குப் போன் எடுத்து அழுவா. கிணற்றடி வேலியோரம்.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் பகுதியில் மாதா சொரூபம் அந்த மாதம் முழுவதும் வீடு வீடாகப் போகும். பின்னேரம் ஆறரைக்கு ஒரு வீட்டில் செபமாலை. அந்த வீட்டில் மாதா ஒருநாள் தங்குவா. அடுத்தநாள் பின்னேரம் அந்த வீட்டுக்காரர்தான் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டில் கொடுக்கவேண்டும். வளவு ஒழுங்குப்படி எங்கள் வீட்டுக்கு அடுத்தது அக்கா வீடு.

எங்கள் முறை வந்தது. விறாந்தையில் பாய் விரித்து, கதிரை போட்டு, வாய்ப்பனும் பிளேன்ரீயும் ஆயத்தம். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். செபமாலை முடிந்தது. மன்றாட்டு நேரம். அக்கா கண்ணை மூடினா.

“இந்த வீட்டுப் பிள்ளை, அந்தத் தூள் பழக்கத்தை முழுதாய் விட்டு, வைத்தியம் முடிஞ்சு, நல்ல சுகத்தோட வீடு வந்து சேரவேணுமெண்டு மன்றாடுவோம்.”

பிறகு எல்லாரும் சேர்ந்து மறுமொழி சொன்னார்கள். வெட்கக்கேடு என்னவென்றால் என்னுடைய வாயும் சொன்னது. ஐம்பது வருடப் பழக்கம். “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று மற்றவர்களைவிடச் சத்தமாக. குசினி வாசலில் தட்டோடு நின்ற மனுசியின் கையில் கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டின சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைக்கு வாய்ப்பன் ஒன்றும் மிஞ்சவில்லை. சேதி கிடைத்தால் சனத்துக்குப் பசிக்கும்போல.

அடுத்தநாள் பஸ்ஸில் ஒருவரும் என்னைப் பகிடி பண்ணவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. கோழிக்காரரிடம் அரை ரிக்கெற் கேட்டேன். அவர் சிரிக்காமல் என் முதுகில் தட்டி, “கடவுள் பார்ப்பார் அண்ணை” என்றார். ஒவ்வொரு தட்டும் எனக்கு அடியாக விழுந்தது. பஸ் வேலணைக்கு வருவதற்குள் முடிவெடுத்துவிட்டேன். அக்காவுக்கு அவவின் மொழியிலேயே பதில் சொல்லவேண்டும்.

அதற்கு என்னிடம் ஒரு சாமான் இருந்தது. கொண்டக்டருக்கு யார் எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார் என்பது தெரியும். அக்காவின் மகள் ஒவ்வொரு புதன்கிழமையும் என் பஸ்ஸில் ஏறுவா. பட்டணத்தில் தையல் வகுப்பு என்று ஊரில் பேச்சு. ஆனால் அவ பஸ் ஸ்டாண்டுவரைக்கும் வருவதில்லை. பாலம் தாண்டினதும் பண்ணை என்கிற தரிப்பில் இறங்கிவிடுவா. இறங்குவதற்கு முன் கைப்பையிலிருந்து, உள்ளே இருப்பது தெரிகிற மெல்லிய பையொன்றை எடுப்பா. அதற்குள் சவுக்காரக் கட்டி, பற்பசை, பிஸ்கற். பிறகு அங்கே இருக்கிற மறியற்சாலைப் பக்கம், சிறைச்சாலைக்குத்தான், நடப்பா. பத்து மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டாரில் இருக்கிற மருமகன் எந்தக் கட்டாரில் இருக்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. என்ன வழக்கு என்று நான் கேட்டதில்லை. மனுசியிடம்கூடச் சொன்னதில்லை. இவ்வளவு வாயாடிக்கு அதை மட்டும் ஏன் சொல்ல மனம் வரவில்லையோ தெரியாது. அவ ஏறினால் என் பகிடிப்பெட்டி தானாகப் பூட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு அதைத் திறந்தேன். மெஷின் துப்பின ரிக்கெற் தாளின் பின்பக்கத்தில் மன்றாட்டை எழுதினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு செபத்துக்கு ஆயத்தம் செய்தேன் பாருங்கள். இரண்டு தடவை வெட்டித் திருத்தினேன். எங்கே சிரிப்பு வரும் என்றுகூடக் கணக்குப் பார்த்தேன்.

பின்னேரம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டேன். எங்கள் வாசல் படலையிலிருந்து அக்கா வீட்டுப் படலைக்கு எண்ணிப் பதினொரு அடி. சொரூபத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சட்டைப்பையில் அந்தத் தாளோடு போனேன். மாதாவின் முகம் என் தோளுக்கு மேலால் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, என் முகத்தை அவ பார்க்கவில்லை என்று அப்போது நினைத்தேன்.

அக்காவின் பேத்தி மெழுகுதிரி பிடித்துக்கொண்டு படலையடியில் நின்றாள். வெள்ளைச் சட்டை, முன்பல் இரண்டும் இல்லை. செபமாலை மணிகளில் ஒரு பத்தை அவள்தான் தலைமை தாங்கிச் சொன்னாள். மன்றாட்டு நேரத்தில் முதல் ஆளாக வாய் திறந்தவளும் அவள்தான்.

“என்ர அப்பா நத்தாருக்குக் கட்டாரில இருந்து வரவேணும்.”

கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எல்லாரும் மறுமொழி சொன்னோம்.

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். தாள் பைக்குள்தான் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. இதை வாசிக்கிறவர்கள், அவன் கோபத்தில் கண் தெரியாமல் பேசிவிட்டான் என்று எனக்காக நினைக்கவேண்டாம். எனக்குக் கண் நல்லாய்த் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் கையில் மெழுகு ஒழுகுவதுகூடத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்:

“கட்டாருக்குப் போறவை பண்ணையில இறங்கவேணுமெண்டு எங்களுக்குக் காட்டித்தந்த ஆண்டவரே, மறியலில இருக்கிற இந்த வீட்டு மருமகன் கெதியாய் விடுதலையாகி வரவேணுமெண்டு மன்றாடுறம்.”

நான் கணக்குப் போட்ட இடத்தில் பின்னாலிருந்து ஒருவர் மூக்கால் சிரித்தார். அதன்பிறகு பழக்கதோஷத்தில் நாலைந்து குரல் மறுமொழி சொல்லியது. அதில் எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்டது முன்பல் இல்லாத அந்தச் சின்னக் குரல். கோயிலில் பழக்கினபடி, கைகூப்பி, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, பண்ணையில கட்டார் இருக்கோ?”

நான் கண்ணைத் திறந்து அக்காவைத்தான் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும். அவ என்னைப் பார்க்கவில்லை. செபமாலை மணியைப் பிடித்தபடி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிடிபட்டுப்போனா என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு பதினொரு அடி. எங்கள் படலைக்குள் காலை வைத்தபோது அது முடிந்துவிட்டது. மனுசி சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் சொன்னா: “இனி மகனுக்கு நான் தனியச் செபிச்சுக்கொள்ளுறன். நீங்கள் வாய் திறக்கவேண்டாம்.”

அடுத்த புதன்கிழமை அக்காவின் மகள் பஸ்ஸில் ஏறவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை.

நான் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பரிகாரம் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பத்து ‘அருள்நிறைந்த மரியே’யோடு அலுவல் முடியும் என்று மனதுக்குள் கணக்கு. ஃபாதர் முழுவதையும் கேட்டார். விஷயம் அவருக்கும் யாரோ செபக் கருத்தாகக் கொடுத்திருப்பார்கள். கடைசியில், “அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளும். போகேக்க உம்மட பகிடியை வீட்டில வைச்சிட்டுப் போம்” என்றார். செபமாலை முழுவதும் முழங்காலில் நின்று சொல்லச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

போனேன். அக்கா வெளியே வரவில்லை. மகள்தான் படலையடிக்கு வந்தா. நான் என்னவோ சொன்னேன். பஸ்ஸில் நாள் முழுக்கக் கதைக்கிறவனுக்கு அன்றைக்கு ஒரு வசனம் முழுதாக வரவில்லை. அவ கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதியிருக்கமாட்டேன்.

“அம்மாவுக்குத் தெரியாது மாமா,” என்றா. “அவவும் கட்டார் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவ. நான் ஏன் சொல்லேல்லை எண்டு உங்களுக்கு விளங்கும்தானே. அவவுக்குத் தெரிஞ்சா செபத்தில வந்திடும், பிள்ளைக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயந்தனான்.”

பிறகு இன்னொன்றும் சொன்னா.

“பஸ் முழுக்கப் பகிடி விட்டுக்கொண்டு வருவீங்கள். என்னட்ட வந்தா மட்டும் பேசாமல் ரிக்கெற்றைத் தந்திட்டுப் போவீங்கள். ஏன் இங்க இறங்குறாய் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை. இந்தத் தீவில வாயைக் காக்கத் தெரிஞ்ச ஒரு மனுசன் இருக்கிறார் எண்டு நினைச்சுத்தான் நான் உங்கட பஸ்ஸில மட்டும் ஏறினனான்.”

அவ படலையைச் சாத்தினா. சத்தமில்லாமல்தான் சாத்தினா.

நத்தாருக்கு முதல் தாயும் பிள்ளையும் மன்னாருக்கு, புருஷனின் ஆட்களிடம் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் அந்தச் சின்னதை ‘பண்ணைக் கட்டார்’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்களாம். பட்டப்பெயர் வைத்தவர்கள் அவர்கள். அதற்கான சாமானைக் கொடுத்தவன் நான். என்னுடைய பகிடிகளுக்குள் அதிகநாள் நிலைத்தது அதுதான். போகிறபோது என் பஸ்ஸில் ஏறவில்லை, ஒரு வான் பிடித்துப் போனார்கள்.

மகன் தை மாதம் சுகமாகி வந்தான். ஊருக்கே விஷயம் தெரியும் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று மனுசியும் நானும் ஒரு கிழமை பயந்துகொண்டிருந்தோம். கடைசியில் சொன்னபோது அவன் யோசித்துவிட்டு, “நல்லதாப் போச்சு அப்பா. என்ன பொய் ஆரிட்டச் சொன்னது எண்டு ஞாபகம் வைச்சிருக்கத் தேவையில்லை” என்றான். அடுத்த ஞாயிறு நிமிர்ந்து பூசைக்குப் போனான். சந்தித்தவர்கள் “இப்ப எப்பிடித் தம்பி” என்று நேராகவே கேட்டார்கள். அவனும் நேராகவே பதில் சொன்னான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பழிவாங்கினது மகனுக்காக இல்லை. கொழும்பில் நாலு பட்டம் எடுத்த மகனைப் பெற்ற அப்பனுக்காக.

மகன் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் போய்வருகிறான். அக்காவுக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறான். அக்கா ஒவ்வொரு நாளும் அவனுக்காகச் செபமாலை சொல்லுகிறவவாம், அவன் வவுனியாவில் இருந்த காலத்திலிருந்தே என்று ஒருநாள் சொன்னான். உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அக்காவில் எனக்குக் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். குசினி வாசலில் கிளாசுகள் முட்டின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவவும் என்னோடு கதைப்பதில்லை. செபக்கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டா. ஊரில் சேதி போகிற வேகம் குறைந்துவிட்டதென்று சிலர் என்னிடம் நன்றிகூடச் சொன்னார்கள். அந்த நன்றியை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒக்டோபர் வந்தால் மாதா இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறா. ஆனால் ஒழுங்கு மாறிவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து அக்கா வீட்டைத் தாண்டி மூன்றாம் வீட்டுக்குப் போகிறா. தூக்கிக்கொண்டு போகிறவன் நான்தான். அக்கா வீட்டுப் படலை பூட்டியிருக்கும். மதிலில் ஒரு மெழுகுதிரி மட்டும் எரியும். அந்த இடத்தில் என் கால் தானாக மெதுவாகும். மூன்றாம் வீட்டில் மன்றாட்டு நேரம் வரும்போது நான் வாய் திறப்பதில்லை, பஸ்ஸிலும் பகிடி குறைந்துவிட்டது. வயதாகிவிட்டது என்று சனம் நினைக்கிறது.

அக்கா என் மகனுக்காகச் சொன்னது செபமா சேதியா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. நான் சொன்னது என்னவென்று எனக்கு நல்லாய்த் தெரியும். அதற்கு ஒரு பிள்ளை கைகூப்பி மறுமொழி சொன்னாள் என்பதுதான், எத்தனை பாவசங்கீர்த்தனம் செய்தும் என்னை விட்டுப் போகாமல் இருக்கிறது.